மொட்டை மாடிக்குக் கீழே 36 பேர்: அலுவலகம் அமைக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது

வழக்கமாக நடப்பது இதுதான். இடம் பிடித்தவுடன் அட்வான்ஸ் கொடுப்பார்கள், இன்டீரியர்காரரைக் கூப்பிட்டு ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள், பிறகு ஏசிக்காரர் வந்து சதுர அடியைக் கேட்டு டன்னைச் சொல்வார். ஆட்கள் வந்து உட்கார்ந்த மூன்றாவது வாரத்தில் ஒருவர் சால்வையோடு இருப்பார், அடுத்த மேசைக்காரர் வியர்த்துக்கொண்டிருப்பார், மதியம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் தலை கனக்கும். கரன்ட் பில்லும் கூடவே ஏறும்.

பெரும்பாலும் தவறு பொருளில் இருக்காது, வரிசையில்தான் இருக்கும். வெயிலை வெளியே நிறுத்துவது, காற்றை உள்ளே கொண்டுவருவது, வெளிச்சம், மின்விசிறி, அதன் பிறகு ஏசி என்ற வரிசையில் போனால் பிந்தைய ஒவ்வொரு படியும் சிறிதாகவும் மலிவாகவும் ஆகும். சென்னையில் 2,500 சதுர அடி, பத்தடி உயரம், மேலே நேராக மொட்டை மாடி, 36 பேர் என்ற அளவை வைத்து கீழே கணக்குப் போட்டிருக்கிறது. கோவை, மதுரைக்கும் வரிசை இதேதான். அங்கே ஈரப்பதம் குறைவு என்பதால் 4ஆம் படியின் ஏசிச் சுமை மட்டும் கொஞ்சம் இறங்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொடாமலே மேற்பரப்பின் வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர், கரியமில வாயு மீட்டர், இன்ச் டேப், திசைகாட்டி. கரியமில வாயு மீட்டர் வாங்கும்போது 'என்டிஐஆர் சென்சார்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதுதான் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும். மலிவான சில மீட்டர்கள் வேறு வாயுக்களை அளந்து கரியமில வாயுவை ஊகித்துக் காட்டும். பக்கத்தில் சானிடைசர் தெளித்தால் எண் எகிறும். வாங்கியவுடன் மாடியில் திறந்தவெளியில் அரை மணி வையுங்கள். 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) சுற்றி நின்றால் நம்பலாம்.

போனில் இருக்கும் லக்ஸ் ஆப் வேண்டாம். இரண்டு போனை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

1. இடத்தை மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள்

புரோக்கர் காலை பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார். மேல்தளத்துக் கூரை அப்போது இன்னும் சூடேறியிருக்காது. கான்கிரீட் வெயிலை வாங்கி உள்பக்கம் தள்ளச் சில மணி நேரம் ஆகும். அதனால் மூன்று முதல் ஐந்து மணிக்குள் போய் கூரையின் அடிப்பக்கத்தைத் தெர்மாமீட்டரால் ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதுங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டினால் வியப்பில்லை.

இந்த எண் முக்கியம். அறைக் காற்று 24 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேல் 40 டிகிரி பலகை இருந்தால் உடம்புக்குச் சுடும். உட்கார்ந்திருப்பவர் ரிமோட்டை எடுத்து 20க்கு இறக்குவார். ஏசி போதவில்லை என்று வரும் புகாரில் பாதி இந்தக் கூரையின் புகார்.

அதே நேரத்தில் மேற்குச் சுவர் எது, அதில் எவ்வளவு கண்ணாடி, ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே, கழிவறை எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

2. ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

மாடியில் பூச்சோ தட்டோடோ போட அனுமதி, வெளிச்சுவரில் எட்டு அங்குலத் துளை நான்கு போட அனுமதி, ஜன்னலுக்கு வெளியே நிழல் அமைப்பு பொருத்த அனுமதி, அனுமதிக்கப்பட்ட மின்சார லோடு எத்தனை கிலோவாட். நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் உரிமையாளர் தலையாட்டுவார். பிறகு துளை போடும் நாளில் 'கட்டடம் பலவீனமாகிவிடும்' என்பார்.

சக்கர நாற்காலி வரும் வழியையும் இப்போதே பாருங்கள். கதவு 900 மில்லிமீட்டர் திறக்க வேண்டும், சரிவு 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது. வாசலில் மூன்று படி இருந்து சரிவுக்கு இடமில்லை என்றால் உள்ளே எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது.

3. வெயிலை வெளியே நிறுத்துங்கள்

காப்பு எதுவும் இல்லாத 2,500 சதுர அடிக் கூரை, கோடை மாலையில் தோராயமாக 3 முதல் 4 டன் ஏசியின் வேலையைத் தின்னும். எக்ஸ்பிஎஸ் என்ற, வெப்பம் தடுக்கும் கெட்டி நுரைப் பலகையை 50 மில்லிமீட்டர் கனத்தில் பதித்தால் அது ஐந்தில் ஒரு பங்காகும்.

மாடியில் வேலை நடக்க வேண்டிய வரிசை: பழைய விரிசல்களை அடைத்தல், வாட்டர்புரூஃபிங், இரண்டு நாள் தண்ணீர் கட்டி ஒழுகலைச் சோதித்தல், பலகை, அதன் மேல் சரிவுக் கலவை, கடைசியில் வெள்ளைத் தட்டோடு. சரிவு 100க்கு ஒன்றாவது வேண்டும். ஒழுகல் சோதனையைத் தாண்டிப் பலகை போட்டால், ஐப்பசி மழையில் சொட்டும்போது எங்கே ஓட்டை என்று தேட எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டிவரும். தெர்மாகோலை எக்ஸ்பிஎஸ் என்று விற்பவர்கள் உண்டு. நகத்தால் கீறினால் மணிமணியாக உதிர்வது தெர்மாகோல். அது தண்ணீரை உறிஞ்சும், மேலே நடந்தால் அமுங்கும்.

மூன்று வருட வாடகைக்கு இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் வெள்ளை வெப்பத் தடுப்புப் பூச்சு மட்டும் இரண்டு கோட் அடியுங்கள். அழுக்குப் படிந்தால் அதன் பலன் குறையும். ஒவ்வொரு மாசிக் கடைசியிலும் மாடியைத் தேய்த்துக் கழுவ ஆளும் நாளும் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் கோடையில் அது சாம்பல் நிற மாடி.

ஜன்னலுக்கு நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே தொங்கும் திரையில் பட்ட வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெயில். தெற்கு ஜன்னலுக்கு சன்ஷேடே பெரும்பாலும் போதும்: மார்கழி உச்சி வெயில்கூடச் சென்னையில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்பதால், இரண்டடி சன்ஷேடு நாலடி ஜன்னலில் மேல் 2.7 அடியை மறைத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வரும், சன்ஷேடு உதவாது. அங்கே செங்குத்துப் பட்டைகளோ மூங்கில் தட்டியோ வெளியே வேண்டும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று எழுதும் வெளிநாட்டு வழிகாட்டிகளை இங்கே நம்ப வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. அங்கும் ஒன்றரை அடி நிழல் வேண்டும்.

4. காற்று

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இதுதான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது.

உட்கார்ந்து வேலை செய்பவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி மீட்டிங் அறையில் எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணியில் 2,000 பிபிஎம் தாண்டும். கொட்டாவி வருவதற்குப் பேசுபவர் மட்டும் காரணம் இல்லை. வாயு தன்னளவில் நஞ்சாகும் அளவு இது கிடையாது. ஆனால் அந்த எண் ஏறினால் மற்றவர் விட்ட மூச்சும் வியர்வை வாடையும் சளிக் கிருமியும் அதே அளவில் தேங்கியிருக்கின்றன என்று பொருள்.

ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர், அதாவது சுமார் 21 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 21 கன அடி) வெளிக்காற்று கொடுத்தால் அறை 920 பிபிஎம் பக்கத்தில் நிலைக்கும். 36 பேருக்கு 760 சிஎஃப்எம். இதில் மீட்டிங் அறைக்கு 170 சிஎஃப்எம் தனிக் கிளையாகப் போக வேண்டும். கூடத்தில் விட்ட காற்று மூடிய கதவுக்குள் போகாது.

இவ்வளவு ஈரக் காற்றை உலர்த்திக் குளிர்விக்கச் சென்னையில் சுமார் 3 டன் கூடுதல் சுமை வரும். இதைக் குறைக்கத்தான் இஆர்வி என்ற காற்று மாற்றும் இயந்திரம். வெளியேறும் குளிர்ந்த காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் ஒரு தாள் அடுக்கின் இரு பக்கமும் ஓடும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றிக்கொள்ளும். சுமையில் பாதிக்கு மேல் மிச்சம். இங்கே ஓர் எச்சரிக்கை: உள்ளே அலுமினியத் தகடு வைத்த, வெப்பத்தை மட்டும் மாற்றும் வகையும் கடையில் இருக்கிறது. குளிர்நாட்டுக்கு அது சரி. சென்னையில் சுமையின் பெரும்பகுதி ஈரம் என்பதால் ஈரத்தையும் மாற்றும் வகைதான் வேண்டும்.

ஒரே பெரிய இயந்திரத்துக்குப் பதில் 400 சிஎஃப்எம்மில் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானால் மற்றது ஓடும். சனிக்கிழமை பத்துப் பேர் வந்தால் ஒன்று போதும்.

காற்று எடுக்கும் வாய் ஜெனரேட்டர் புகை, கழிவறை எக்ஸாஸ்ட், சமையலறை மூன்றிலிருந்தும் 15 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதில் நுண்தூசியைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி போடுங்கள், போகிக் காலைப் புகைக்கும் சாலைத் தூசிக்கும் அதற்குக் குறைந்தது பயன்படாது. பெட்டியில் எழுதியிருக்கும் சிஎஃப்எம் எதிரே தடை இல்லாதபோது வரும் அளவு. வடிகட்டியும் பத்தடிக் குழாயும் சேர்ந்தால் பாதியாகக்கூட இறங்கும். அந்தத் தடையோடு எவ்வளவு தள்ளும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் வரைபடம் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சுவரில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் காற்றோட்டம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. எக்ஸாஸ்ட் மட்டும் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, கழிவறை வாடையும் ஈரக் காற்றும் சந்து பொந்து வழியாக நுழையும். உள்ளே வருவது வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். கழிவறையில் மட்டும் எக்ஸாஸ்ட் நாள் முழுக்க ஓடட்டும்.

இன்னொன்றையும் கேட்கிறார்கள்: செடி வைத்தால் காற்று சுத்தமாகாதா? 1989இல் வந்த நாசா ஆய்வைச் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. அலுவலகக் காற்றில் அதே பலனைக் காணச் செடிக்கு நடுவே உட்கார இடம் இருக்காது. கண்ணுக்குக் குளிர்ச்சி, அதற்காக வையுங்கள்.

5. மேசை வரிசை, அதன் பிறகு விளக்கு

மேசைகளைத் தாளில் வைத்த பிறகே விளக்குப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். மானிட்டரின் முகமும் முதுகும் ஜன்னலைப் பார்க்கக் கூடாது. ஜன்னல் உட்காருபவரின் தோள் பக்கம் வரட்டும். முகம் ஜன்னலைப் பார்த்தால் திரையில் வானம் தெரியும், முதுகு பார்த்தால் கண் கூசும். இரண்டிலும் ஆட்கள் ஜன்னல் திரையைப் போட்டு மூடிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கு எரிப்பார்கள்.

பொது வெளிச்சம் மேசை மேல் 300 லக்ஸ் போதும். காகிதம் பார்ப்பவருக்கு மேசை விளக்கு கொடுத்து 500 ஆக்குங்கள். இந்த இடத்துக்கு 36 வாட் எல்இடி பேனல் 30 போதும். எலக்ட்ரீஷியன் வழக்கமாக ஜன்னலுக்குக் குறுக்கே சுவிட்ச் பிரிப்பார், அதாவது ஒரு சுவிட்ச் ஜன்னலோரத்தில் தொடங்கி உள்சுவர் வரை. ஜன்னலுக்கு இணையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பகலில் ஜன்னலோர வரிசையை அணைக்க அப்போதுதான் முடியும். வயர் இழுக்கும் முன் சொன்னால் இதற்குச் செலவே இல்லை.

6. மின்விசிறி, ஏசி

உடம்பின் மேல் காற்று ஓடினால் 26, 27 டிகிரியும் 24 போலத் தெரியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடம் இந்த முறையில்தான் ஓடுகிறது: மிதமாகக் குளிர்வித்த காற்றும் சீலிங் ஃபேனும் சேர்ந்து. இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகக் கணக்கில் ஏசியை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

இறக்கைக்கும் தரைக்கும் எட்டடி இடைவெளி வேண்டும். பத்தடி அறையில் எட்டரை அடிக்கு ஃபால்ஸ் சீலிங் இறக்கிவிட்டால் ஃபேன் மாட்ட வழியே இல்லை. அலுவலகங்களில் ஃபேன் காணாமல் போனதற்குப் பெரிய காரணம் இதுதான். ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 16, ஒவ்வொன்றும் சுமார் 30 வாட், இரண்டு மூன்று மேசைக்கு ஒரு ரிமோட்.

விளக்கு இறக்கைக்கு மேலே வரக் கூடாது. வந்தால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டி மேசை மேல் நிழல் துடிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி. விளக்கை இறக்கை வட்டத்துக்கு வெளியே, இறக்கை மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

இப்போது ஏசிக் கணக்கு. ஆட்கள் 4.3 கிலோவாட், லேப்டாப் முதலியவை 2.5, விளக்கு 1.1, இஆர்வி வழி வரும் காற்று 4.5, காப்பிட்ட கூரை 3, நிழலிட்ட சுவரும் கண்ணாடியும் 8, சர்வர், யுபிஎஸ், பிரின்டர் 2. கூட்டினால் 25.4. ஒரு டன் என்பது 3.5 கிலோவாட்; 7.3 டன் வருகிறது. 15 சதவீதம் கூட்டி 8.4. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஆறு. 'நூறு சதுர அடிக்கு ஒரு டன்' என்பவரிடம் கேட்டால் 25 டன் சொல்வார்.

கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? பெரிய ஏசி சில நிமிடத்தில் குளிரைத் தொட்டு ஓய்ந்துவிடும். காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். ஓயாததால்தான் சரியான அளவு ஏசி அறையை உலர்த்துகிறது. ஓய்ந்தால் குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்து வரும், சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும்.

7. சத்தம்

காலி அறையில் ஒருமுறை கைதட்டுங்கள். 'டங்' என்று வால் நீண்டால் மேற்பரப்பெல்லாம் கண்ணாடி, டைல்ஸ், கான்கிரீட் என்று அர்த்தம். ராக்வுல் என்ற கல் இழைப் பலகைகளை 50 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கித் துணி சுற்றி, ஃபேன்களுக்கு இடையே, கூரைப் பரப்பில் பாதிக்காவது ஒட்டுங்கள். ஜிப்சம் சீலிங் சத்தத்தை உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். முட்டை அட்டையும் உதவாது, தீப்பிடிக்கும்.

மீட்டிங் அறைத் தடுப்புச் சுவர் மேல் கான்கிரீட் வரை போய் முட்ட வேண்டும். ஓர் அடி விட்டாலும் சம்பளப் பேச்சு வெளியே கேட்கும். போன் பேசும் சிறு அறை இரண்டு போடுங்கள், அதில் சிறு ஃபேனும் காற்று வழியும் மறக்காமல்.

8. நாற்காலி, மேசை

மேசைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்து நாற்காலியில் போடுங்கள். கடை நாற்காலிகள் பலவற்றின் குறைந்த உயரம் 44 சென்டிமீட்டர். ஐந்தடிப் பெண்ணுக்கு 38 முதல் 40 வேண்டும். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும், அவர் விளிம்புக்கு நகர்ந்து உட்காருவார், அதன் பிறகு முதுகுத் தாங்கி இருந்தும் பயனில்லை. நாற்காலியை இறக்கினால் மேசை அவருக்கு உயரமாகிவிடும்; அப்போது நாற்காலியை ஏற்றிவைத்துக் காலுக்குக் கீழே கால்பலகை கொடுக்க வேண்டும். பத்துக்கு மூன்று பேருக்காவது வாங்கி வையுங்கள்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத்தில். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்ந்த பைஃபோகல் மூக்குக்கண்ணாடி போடுபவருக்குக் கொஞ்சம் கீழே. இல்லையென்றால் நாள் முழுக்கத் தாடையைத் தூக்கிக்கொண்டிருப்பார். லேப்டாப்புக்கு ஸ்டாண்டும் தனி கீபோர்டும் சேர்ந்தே வாங்க வேண்டும், ஸ்டாண்டு மட்டும் வாங்கினால் கழுத்து தப்பிக்கும், மணிக்கட்டு மாட்டும்.

செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் நாற்காலி எங்கே என்று வரைபடத்தில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, வேலை செய்பவர் எல்லோருக்கும் இருக்கை தருவது கட்டாயம் ஆகிவிட்டது.

9. ஆட்கள் வருவதற்கு முன் இரண்டு வாரம்

புதுப் பலகை, பசை, பெயின்ட் மூன்றிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு முதலிய வாயுக்கள் கசியும். பலகை வாங்கும்போதே கசிவு குறைந்த இ0 அல்லது இ1 வகை கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துவைத்து, ஜன்னல் திறந்து, எல்லா ஃபேனையும் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். ரூம் ஸ்பிரே அடித்து மறைப்பது வாயுவோடு இன்னொரு வாயுவைச் சேர்ப்பது.

10. தண்ணீர், சோலார்

குழாய் முனையில் ஏரேட்டர் திருகினால் தண்ணீர் செலவு பாதிக்கு மேல் குறையும். ஆர்ஓ கழிவு நீரை ஒரு டிரம்மில் பிடித்து கழிவறைக்கும் தரை துடைக்கவும் கொடுங்கள். ஏசியில் சொட்டும் நீரும் அப்படியே. பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், சுருளின் செம்பும் தூசியும் அதில் கலந்திருக்கும்.

சோலார் கடைசி. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி மாடி, நாளுக்குச் சராசரி நான்கு யூனிட். 25 டன் ஏசிக்குப் பேனல் போடப் பார்ப்பதைவிட 9 டன்னுக்குப் போடுவது எளிது. கூரையில் காப்பு வேலை முடிந்த பிறகே பேனல் கால் ஊன்ற வேண்டும், இல்லையென்றால் வாட்டர்புரூஃபிங்கில் ஓட்டை விழும்.

11. குடியேறிய பிறகு

கரியமில வாயு மீட்டரை மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, யாருடைய முகத்துக்கும் நேராக இல்லாமல், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். முதல் மாதம் காலை 11, மதியம் 3 இரண்டு முறை எழுதுங்கள். 1,000க்கு மேல் நின்றால் முதலில் இஆர்வி வடிகட்டியைத் திறந்து பாருங்கள். பாதி முறை அங்கேதான் கோளாறு, அல்லது சத்தம் என்று யாரோ அணைத்திருப்பார்கள்.

'வசதியா இருக்கா?' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கு சார்' என்பார்கள். 'நேற்று மூன்று மணிக்கு ஜாக்கெட் போட்டீங்களா, ஃபேன் வேகத்தைக் கூட்டினீங்களா?' என்று பெயர் எழுதாத சீட்டில் கேளுங்கள். பதில்களை மேசை வரைபடத்தின் மேல் ஒட்டினால் எந்த ஏசியின் வாய் யார் தலையில் ஊதுகிறது என்று தெரிந்துவிடும்.

ஏசி வடிகட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். இஆர்வி வடிகட்டியை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்; மெர்வ் 13ஐக் கழுவிப் போடக் கூடாது, இழை கெட்டுவிடும். இந்தத் தேதிகளை யார் பெயரில் போடுவது என்று குடியேறும் நாளிலேயே முடிவாகட்டும். ஏசி மெக்கானிக்கின் வருட ஒப்பந்தத்தில் இஆர்வி சேராது. தனியாக எழுத வேண்டும்.